ஹால் விளக்கு நாற்பது சதவீதம்

ஜூன் 3, செவ்வாய்

கண் மருத்துவமனையிலிருந்து திரும்பினோம். கோகிலவாணியின் வலது கண்ணில் கருவிழி இனித் தெளியாது, மாற்றத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண் சின்ன வயதிலேயே அம்மை போட்டு மங்கிப்போனது. இத்தனை காலமும் எங்கள் குடும்பத்தை நடத்தியது என் மனைவியின் அந்த ஒற்றைக் கண்தான். யாராவது கண்தானம் செய்தால் அந்தக் கருவிழியை எடுத்து இவளுக்கு வைப்பார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முறை வந்ததும் போன் வரும், உடனே கிளம்பி வர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கோகிலாவே கேட்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்டுல லைட் எப்படி இருக்கோணுங்க டாக்டர்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் வெளிச்சம் கூசும், கூட்டிக் குறைக்கிற மாதிரி விளக்கு இருந்தால் நல்லது என்றார். ஆக, இந்த விவகாரத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. இன்றே ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவர் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள். என்னுடையது பட்டன் போன். யாரையாவது அழைக்க வேண்டும் என்றால் மட்டுமே அதை ஆன் செய்வேன். போன் என்பது நான் உலகத்தைக் கூப்பிடுவதற்கு, உலகம் என்னைக் கூப்பிடுவதற்கு அல்ல. கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 5, வியாழன்

காந்திபுரத்தில் ஒரு விளக்குக் கடைக்குப் போனேன். எங்கள் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் என்று பொய்க்கூரை போட்டபோது, அதில் சின்னச் சின்னக் குழி விளக்குகள் பதித்திருந்தார்கள். வீட்டு மின்சாரம் அவற்றுக்கு ஆகாது. பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் கூரைக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கிறது. நான் இதெல்லாம் தெரியாமல் இத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து உலக வரலாறு படித்திருக்கிறேன்.

கடைப்பெண் கேட்டாள்: "உங்க டிரான்ஸ்ஃபார்மர் என்ன டைப்புங்க சார்?"

"சின்னதா இருக்கும்."

"எல்லாமே சின்னதாத்தானுங்க சார் இருக்கும்."

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரில் இரண்டு வகை இருக்கிறதாம். மின்சாரம் அலையாக வருகிறது. அந்த அலையின் தலையை வெட்டி வெளிச்சத்தைக் குறைப்பது ஒரு வகை, வாலை வெட்டிக் குறைப்பது இன்னொரு வகை. சில டிரான்ஸ்ஃபார்மர்களுக்குத் தலைவெட்டுதான் சேரும், சிலவற்றுக்கு வால்வெட்டு. மாற்றிப் போட்டால் சண்டை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் வரை போனவர்கள் நாம், எனக்கு உடனே விளங்கிவிட்டது.

இரண்டின் கையேட்டையும் வாங்கிப் படித்தேன். தலைவெட்டுக் கையேட்டின் உரைநடை தெளிவாக இருந்தது. அதையே வாங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

எலக்ட்ரீஷியன் துரைவேல் வந்தார். எங்கள் தெருவுக்கு நெடுங்காலமாக அவர்தான். எந்தக் கோளாறு என்றாலும், "எர்த் சரியில்லீங்க சார்" என்பார். மிக்ஸி ஓடாவிட்டாலும் அதுதான், ஒருமுறை எனக்கு முதுகுவலி என்றபோதும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்.

டிம்மரைப் பொருத்தி விளக்கைப் போட்டதும் கூரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது. குறைத்தால் எல்லா விளக்குகளும் கண்ணடித்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

"ஏனுங்க, உள்ள வண்டு பூந்துருச்சா?" என்று சமையலறையிலிருந்து கோகிலா கேட்டாள்.

"டிம்மருங்கக்கா," என்றார் துரைவேல். "எர்த் சரியில்லீங்க."

கோகிலா ஹாலுக்கு வந்து, "நல்லாத்தான் இருக்குது," என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ச்சுவரை. அங்கே விளக்கு கிடையாது. ஆனாலும் வெளிச்சம் எங்கும் பரவக்கூடியது என்பதால் அவள் சொன்னதில் பிழையில்லை.

பணியிலிருந்த நாளில் அவள் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்ப்பவள். கோணல் தையலைத் தள்ளி நின்றே பிடித்துவிடுவாள். 'பாஸ்', 'ரிஜெக்ட்', இரண்டே சொல். அந்தப் பழக்கத்தில், விசேஷத்துக்குப் போன வீடுகளில்கூட சுவர்க் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் இலைக்கு உட்காருவாள். எனக்குப் பெரிய சங்கடமாக இருக்கும். ஒரு வருடமாக அந்தச் சங்கடம் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

ரீங்காரத்தின் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறைந்தபட்சச் சுமை வேண்டுமாம். முன்பு இருந்த பழைய பல்புகள் நிறைய மின்சாரம் குடித்தன. நடுவில் சிக்கனம் என்று எல்இடி பல்பு மாற்றினோம், அது கொஞ்சமாகக் குடிக்கிறது. வகுப்பு நிறைய மாணவர் இருந்தால்தான் ஒழுங்காகப் பாடம் நடத்துவேன் என்கிற பேராசிரியரின் முன்னால் நாலு பேரை உட்காரவைத்தது போல. அவர் வருவதும் போவதுமாக இருப்பார். அந்த டிரான்ஸ்ஃபார்மரை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

தலைவெட்டைத் திருப்பிக் கொடுத்து வால்வெட்டு வாங்கிவந்து, துரைவேலை விட்டு மாட்டினேன். இது ஸ்மார்ட் வகை. சுவர் வரை தடவிக்கொண்டு போக வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே "ஹால் விளக்கைக் குறை" என்று சொன்னால் குறையும். கோகிலா போன வாரம் சுவிட்சைத் தேடி, மாட்டியிருந்த குடையைத் தட்டிவிட்டாள். ஆகவே இது ஆடம்பரமல்ல.

ஒரே சிக்கல், இதை ஆள ஒரு ஆப் வேண்டும். பட்டன் போனில் ஆப் ஏறாது. ஆகவே கோகிலாவின் போனில் ஏற்றி, அவள் நம்பரிலேயே பதிவு செய்தேன். எழுத்து கண்ணுக்குப் புலப்படாததால் அவள் போன் வருகிற செய்தியை எல்லாம் வாய்விட்டுப் படிக்கும்படி வைத்திருக்கிறோம். நான் டிம்மரை அசைக்கும்போதெல்லாம் அது அறிவிக்கிறது: "ஹால் விளக்கு நாற்பது சதவீதம். ஹால் விளக்கு நாற்பத்தைந்து சதவீதம். ஹால் விளக்கு இணைப்பில் இல்லை."

சாயங்காலம் அவள் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பதினேழு சதவீதம் என்றது. அவள் கண்ணைத் திறக்காமல், "கேட்டுக்கிட்டேன்," என்றாள்.

ஜூன் 16, திங்கள்

புது டிம்மர் அடிக்கடி இணைப்பை விடுகிறது, மின்சாரம் திரும்பிப் போக அதற்கு நியூட்ரல் கம்பி வேண்டுமாம். எங்கள் ஹால் சுவிட்ச் பெட்டிக்குள் அது இல்லை. துரைவேல் பக்கத்து அறையிலிருந்து இழுத்துக் கொண்டுவந்தார். பிறகு மேல் பிளேட்டை மாட்டியபோது அது ஒரு பக்கம் இறங்கி நின்றது.

"உள்ள பொட்டியே கோணலாத்தானுங்க சார் பதிச்சிருக்காங்க. நேரா வரோணும்னா செவுத்தை உடைக்கோணும்."

"யாரு பாக்கப்போறாங்க, விடுங்க," என்றேன்.

துரைவேல், கோகிலா உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு திருகாணியை முடுக்கினார். எர்த் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

விளக்கு இப்போது ரீங்கரிக்கவில்லை. ஆனால் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால் மொத்தமும் செத்துவிடுகிறது. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களையே எடுத்துவிட்டு எல்இடிக்கென்று செய்த, டிரைவர் என்ற பெட்டியைப் போட வேண்டும் என்கிறார்கள் கடையில். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலீங்க சார், கையேடுதான் கேட்டீங்க," என்றாள் அந்தப் பெண்.

போனின் வாயைக் கோகிலா மூடிவிட்டாள். சத்தம், அதிர்வு, எல்லாவற்றையும். "ரெண்டு நாளைக்காவது சும்மா கெடக்கட்டும். உங்க சதவீதமெல்லாம் நிலைக்கு வந்தாச்சுன்னா சொல்லுங்க, மறுபடி பேச விடறேன்."

நியாயம்தான்.

ஜூன் 18, புதன்

வெற்றி. டிரான்ஸ்ஃபார்மர்களை எடுத்துவிட்டு டிரைவர்களைப் போட்டோம். காலை முழுக்கத் துரைவேல் ஏணி மேல், நான் ஏணிக்குக் கீழ், கோகிலா எங்கள் இருவருக்கும் மோர். விளக்கு நூறிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து நூறுக்கு, வெண்ணெய் உருகுவது போல இறங்கி ஏறியது. ரீங்காரம் இல்லை, கண்ணடிப்பு இல்லை. நானே பதினைந்து முறை ஏற்றி இறக்கினேன். துரைவேல் கைதட்டினார்.

ஆப்புக்காகக் கோகிலாவின் போனை எடுத்தபோது அதில் ஒரே லேண்ட்லைன் நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள்.

"யாருங்க அது?" என்றாள்.

"லோன் குடுக்கறவங்களா இருக்கும்."

"இத்தனை தடவையா?"

"நம்மள விட அவங்களுக்குத்தான் அவசரம்."

அவற்றைத் துடைத்துவிட்டு மறுபடி நாற்பது சதவீதம் வைத்தேன். நாற்பதுதான் அழகு.

ஜூன் 19, வியாழன்

இருபது சதவீதத்தில் வைத்துப் படித்தேன். கண்ணுக்கு மிக இதம்.

ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. கருவிழி வரிசையைப் பார்த்துக்கொள்கிற பெண் பெயர் ஜாஸ்மின். கோகிலாவைப் பார்த்ததும் எழுந்துவந்தாள்.

"என்னங்கம்மா, புதன்கிழமை எத்தனை தடவை கூப்பிட்டேன்! எடுக்கவேயில்லையே. சாரோட நம்பர் சுவிட்ச் ஆஃப். கருவிழியை ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாதுங்கம்மா. அடுத்தவங்களுக்குப் போயிருச்சு."

நான் அப்போது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். கை கழுவுவது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். விரல் இடுக்குகளை மறக்கக் கூடாது என்று இருந்தது. நன்றாக எழுதப்பட்ட அறிவிப்பு. இரண்டு முறை படித்தேன்.

"அந்தக் கண்ணு யாருக்குங்க போச்சு?" என்று கோகிலா கேட்டாள்.

"பேரு சொல்லக் கூடாதுங்கம்மா. லாரி ஓட்டறவரு."

இனி எப்போது என்று கேட்டதற்கு, நம் கையில் இல்லை என்றாள் ஜாஸ்மின்.

பஸ்ஸில் கோகிலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் உக்கடம் தாண்டியது. பிறகு, "லாரி ஓட்டறவருக்குக் கண்ணு அவசியந்தானுங்க," என்றாள். "எனக்கு டிம்மர் இருக்குது."

ஜூன் 24, செவ்வாய்

துரைவேலைக் கூப்பிடுவதற்காகப் போனை ஆன் செய்தேன். பேசி முடித்த பிறகு அணைக்கவில்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜூன் 26, வியாழன்

டிம்மரைக் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சையே மாட்டச் சொல்லித் துரைவேலை வரவழைத்தேன். அவர் திருப்புளியை எடுத்ததும் கோகிலா குறுக்கே வந்தாள்.

"எதுக்குங்க கழட்டறீங்க?"

"வேண்டாம் கோகிலா. இதனாலதானே..."

"அது என்னங்க பண்ணுச்சு? அது பேச வேண்டிய நேரத்துல பேசுச்சு. நாந்தான் வாயை மூடுனேன்."

"எம்பட போனு..."

"அது இருவது வருசமா மூடித்தான கெடக்குது. தெரிஞ்சுதான கட்டிக்கிட்டு இருக்கறேன்."

துரைவேல் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "அப்ப கழட்டறதுங்களா, வேண்டாமுங்களா?"

"ஆபரேஷன் ஆன பின்னாடி வெளிச்சம் கூசும்னு டாக்டர் சொன்னாருல்ல," என்றாள் கோகிலா. "அப்பத்தைக்கு வேணும். இருக்கட்டும்."

ஆபரேஷன் நடந்தால் என்று அவள் சொல்லவில்லை. ஆன பின்னாடி என்றாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஆராயப் போவதில்லை.

சாயங்காலம் போய் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். பழைய நம்பரையே அதில் போட்டுக்கொண்டு, விளக்கை என் பேருக்கு மாற்றினேன். ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து ஜாஸ்மினிடம், இனி எந்நேரமும் எடுப்பேன் என்று சொன்னேன். "சரிங்க சார்," என்றாள். அதில் நம்பிக்கை எத்தனை சதவீதம் என்று கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

உலகம் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. லோன், மனை, காப்பீடு, குழந்தைகளுக்கு அபாகஸ். எதையும் விடுவதில்லை. குளியலறைக்கும் போனைக் கொண்டுபோகிறேன், சோப்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். எல்லோரிடமும், "வணக்கம், சொல்லுங்க," என்று ஆரம்பித்து, "வேண்டாமுங்க, நன்றி," என்று முடிக்கிறேன். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஆளைப் பார்த்ததில்லை என்று ஒரு பெண் சொன்னாள். என் கட்டுரையை அவள் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கோகிலா சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். நான் விளக்கை எழுபதுக்கு ஏற்றினேன். "கூசுதுங்க," என்றாள். முப்பதுக்கு இறக்கினேன். "இருட்டுதுங்க." ஐம்பது. "ஏனுங்க, சும்மா உட்காந்து தின்னுங்க. எத்தனை வெச்சாலும் எனக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டுதான்."

வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மூடுபனிக்கு டிம்மர் கிடையாது. கடையில் கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். இறந்தவரின் வயதைப் படிக்கிறேன், பிறகு படத்தில் அவர் கண்ணைப் பார்க்கிறேன். இன்று வடவள்ளி நிறுத்தத்தில் அப்படி நின்றபோது பக்கத்தில் ஒருவர், "உங்களுக்குச் சொந்தங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ரொம்ப நேரமாப் பாக்கறீங்களேன்னு கேட்டேன்," என்றார்.

நல்ல மனிதர்கள் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துவந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். போன் சோப்புப் பெட்டியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. கை பழக்கத்தில் எடுத்து வாய் பழக்கத்தில், "வேண்டாமுங்க, நன்றி," என்று சொல்லிவிட்டேன்.

"சார்! வெச்சிராதீங்க சார்! ஜாஸ்மின் பேசறேன்!"

பையை வரிசையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் நின்றவர், "பை, பை!" என்று கத்தினார். அவர் விடை கொடுக்கிறார் என்று நினைத்து நான் கையசைத்தேனாம், பிறகு கோகிலாவிடம் அவர் வீட்டம்மாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நான் அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

உள்ளே ஆபரேஷன். வெளியே நான். வராந்தா முழுக்க டியூப்லைட். கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று எந்த அறிவிப்பையும் படிக்க முடியவில்லை, எழுத்து நிற்கவில்லை.

ஜாஸ்மின் வந்து, "காபி குடிச்சீங்களா சார்?" என்றாள். யாருடைய கண் என்று கேட்க வாயெடுத்தேன். சொல்லக் கூடாது என்பாள். "குடிச்சாச்சுங்க," என்றேன். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்கு வந்தோம். துரைவேல் வாசலிலேயே நின்றிருந்தார். ஹாலில் பத்து சதவீதம் வைத்திருந்தேன், ரீங்காரமில்லாமல், கண்ணடிக்காமல், இரண்டு மாத உழைப்பின் மகுடமாக.

கோகிலா கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்து நின்றாள். "கரண்டு போயிருச்சுங்களா?" என்றாள்.

துரைவேல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொட்டு மருந்து. சொட்டு மருந்து. சொட்டு மருந்து. அவள் எதுவும் தெரிகிறது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தையல் இருக்கிறது, மெல்லத்தான் தெளியும், சிலருக்குத் தெளியாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஹால் இருபத்தைந்து சதவீதம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கோகிலா டம்ளருடன் வந்து எதிரே உட்கார்ந்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதை யாரு பாஸ் பண்ணுனது?"

"எதை?"

"சுவிட்ச் பிளேட்டை. எடது பக்கம் ரெண்டு நூலளவு எறங்கியிருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. போனை எடுத்து விளக்கை நூறுக்கு ஏற்றினேன். அவள் கண்ணைச் சுருக்கினாளே தவிர, மூடவில்லை.

"இப்பப் பாரு," என்றேன்.

"நூறுலயும் கோணல்தானுங்க. ரிஜெக்ட்."

துரைவேலுக்குப் போன் செய்தேன். சுவரை உடைக்க வேண்டும், உடனே வாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"ஏனுங்க சார், லைட்டு எரியலீங்களா?"

"எரியுதுங்க. பிளேட்டு கோணலா இருக்குது."

"அதான் யாரும் பாக்கப்போறதில்லைன்னு சொன்னீங்களே?"

"பாத்துட்டாங்க துரைவேல்," என்றேன்.

மறுமுனையில், சுத்தியலையும் உளியையும் எங்கே வைத்தாய் என்று அவர் தன் வீட்டுக்குள் யாரிடமோ சத்தமாகக் கேட்டது காதில் விழுந்தது.